சிசேரியன் ஆனவர்களுக்கு ரத்தப்போக்கு இருக்காதாம்!

தாமரைக்கொடி
நிறைமாதமாக இருக்கும் ஒரு பெண், மருத்துவமனைக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கு நம் கணக்குப்புலி அருளியது இது: "சிசேரியன் என்றால் நாப்கின் மூட்டை எல்லாம் தேவையில்லை. தியேட்டரிலேயே உள்ளே துடைத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். ரத்தப்போக்கு சுகப்பிரசவத்துக்குத்தான்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, அந்த ரத்தம் குழந்தை வந்த வழியிலிருந்து வருவதில்லை. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்து வருகிறது. கருப்பையின் உட்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அது புண்ணாகக் கிடக்கும். குழந்தையை எந்த வழியாக எடுத்தாலும் அந்தப் புண் அங்கேதான் இருக்கும். 6 வாரம் வரை போகும். சுகப்பிரசவமும் பார்த்தவள், சிசேரியனும் பார்த்தவள் சொல்கிறேன்.

கணக்குப்புலி
நான் சொல்லவந்தது மூட்டை மூட்டையாகத் தேவையில்லை என்று. ஆளைப் பிடிக்காவிட்டால் அவர் வரியைப் பிடித்துத் தொங்குவது உங்கள் வழக்கம், எனக்குப் பழகிவிட்டது. என் மனைவிக்குச் சிசேரியன்தான். முதல் வாரம் முடிவதற்குள் நின்றுவிட்டது. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். சிசேரியனில் கருப்பையின் உள்பக்கத்தைத் துடைப்பார்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தாமரைக்கொடி
துடைப்பார்கள். சிராய்த்த முழங்காலைத் துடைத்துவிட்டால் அதற்கப்புறம் ரத்தம் கசியாதா?

கண்ணால் பார்த்தாராம். எதைப் பார்த்தார்? ஆபரேஷன் முடிந்து முதல்முறை கட்டிலை விட்டு எழுப்புவார்களே, அதைப் பார்த்தாரா? மல்லாந்து படுத்திருந்தபோது உள்ளே தேங்கியதெல்லாம் நின்றதும் மளமளவென்று கால் வழியே இறங்கும். ஒரு கையால் தையல் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்க்கக் கூசி நிற்பாள். நர்ஸ் வெகு சாதாரணமாக "ஒன்றுமில்லை, மெதுவாக நடங்க" என்பார். அந்த நேரத்தில் நம் ஐயா வராந்தாவில் நின்று வாழ்த்துச் செய்திகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

கணக்குப்புலி
நான் எங்கே நின்றேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டது துடைப்பதைப் பற்றி. வந்தது வராந்தாவைப் பற்றி.

வேர்க்கால்
இதற்குத்தான் சுகப்பிரசவமே மேல் என்று சொல்வது. ரத்தமும் வலியும் சேர்ந்ததுதான் பிரசவம். சிசேரியன்காரர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்று வலியும் கிடையாது. அதையும் நாங்கள்தான் தாங்குகிறோம்.

நைட்டியூட்டி
பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக வரும், அப்புறம் இளஞ்சிவப்பும் பழுப்புமாக மாறும், 10 நாளுக்கு மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கொஞ்ச நாள் போகும். சிலர் சிவப்பு போனதுமே நின்றுவிட்டது என்பார்கள். சிலர் கடைசிக் கறை வரை எண்ணுவார்கள். சிசேரியனில் அளவு கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இல்லாமல் போகாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, கெட்ட நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. உடனே போய்க் காட்டுங்கள்.

கணக்குப்புலி
"சிசேரியனில் அளவு குறைவாக இருக்கலாம்." நன்றி சிஸ்டர். முதலிலிருந்து நான் சொல்வதும் இதுதான்.

தாமரைக்கொடி
அதே வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் "இல்லாமல் போகாது" மட்டும் கண்ணில் படவில்லை பாருங்கள்! குறைவு வேறு, இருக்காது வேறு. நீங்கள் எழுதியது இருக்காது என்று. 6 வாரம் ஐயா, 6 வாரம்.

உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் நின்றது என்கிறீர்களே, பத்தாம் நாள் வாக்கில் மறுபடி சிவப்பாக எட்டிப் பார்த்ததா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் புண்ணின் மேல் படிந்த பொருக்கு உதிரும் சமயம் அது. ஒன்றிரண்டு மணி நேரம் புதிதாக வந்துவிட்டு அடங்கும். நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தவள் குளியலறையில் அதைப் பார்த்து நடுங்கிப்போவாள். உங்களை மாதிரி ஆட்கள் ஒரு வாரம் என்று எழுதி வைத்திருந்தால் அவள் என்ன நினைப்பாள்?

வேர்க்கால் அவர்களே, உங்களுக்கும் ஒன்று. பிரசவம் முடிந்ததும் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கருப்பை 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கியாக வேண்டும். சுருங்கினால் வலிக்கும். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து வயிற்றை இறுக்கிப் பிடிக்கும், அதுவும் இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் இன்னும் கடுமையாக. சிசேரியன் தையலோடு அந்த இழுப்பையும் சேர்த்துத் தாங்கிப் பாருங்கள், அப்புறம் வந்து மார் தட்டுங்கள்.

மொட்டுமாடி
அந்தக் கேள்வியைக் கேட்டவளே நான்தான். சரி, நாப்கின் எடுத்துக்கொள்ளவா, வேண்டாமா? அப்புறம், பிரசவம் முடிந்ததும் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கும் என்கிறார்களே, நிஜமா?

தாமரைக்கொடி
எடு கண்ணு. மெல்லியது வேண்டாம், இருப்பதிலேயே பெரியதாக எடு. இடுப்புக்கு மேல் ஏறும் தளர்வான உள்ளாடையும் எடு, பட்டை தையல் மேல் உரசக் கூடாது. நடுக்கம் நிஜம்தான், பல் தந்தியடிக்கும் அளவுக்கு வரும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ராத்திரி வியர்வையில் சட்டை நனையும். கால் வீக்கம் பிரசவம் ஆனதும் வற்றிவிடும் என்று நினைக்காதே, முதல் சில நாள் கூடிவிட்டுத்தான் வற்றும். இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் கணக்குப்புலிகள் உட்கார்ந்து தேவையில்லை என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கணக்குப்புலி
மறுபடியும் என் பெயர். பழைய கோபம் இன்னும் தீரவில்லை போல.

தாமரைக்கொடி
தீருமா? கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாள் கூட்டினால் பிரசவ தேதி, அதைத் தாண்டினால் ஏதோ கோளாறு என்று இதே வாயால் சொன்னவர்தானே நீங்கள்? சொன்ன தேதியிலேயே பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைதான். அன்றைக்கு எத்தனை பெண்கள் பயந்துபோய்க் கேட்டார்கள்!

கணக்குப்புலி
280 நாள் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் போடும் கணக்கு. கோளாறு என்று நான் சொல்லவில்லை, கவனம் என்றேன். எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

தாமரைக்கொடி
அந்தப் பதிவை அழித்துவிட்டு எடுத்துக் காட்டு என்றால் எங்கே போய் எடுக்க?

வேர்க்கால்
நான் மார் தட்டவில்லை. என் அனுபவத்தைச் சொன்னேன். இங்கே சுகப்பிரசவம் என்று வாயைத் திறந்தாலே பாய்கிறார்கள். எனக்கும் தையல் போட்டார்கள், வாரக்கணக்கில் உட்கார முடியவில்லை. தும்மினால் சிறுநீர் கசிந்தது. அதற்கெல்லாம் அனுதாபம் கிடையாதா?

இரவுப்பூ
ஏழு அடுக்கு கிழித்துக் குழந்தையை எடுத்தவர்களிடம் வந்து அனுதாபம் கேட்கிறீர்களே!

கணக்குப்புலி
ஏழு இல்லை. தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்று உட்சவ்வு, கருப்பை, பனிக்குடம். வயிற்றுத் தசையைப் பொதுவாக வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்குவார்கள். ஆக 6.

இரவுப்பூ
விலக்குவது என்றால் சும்மாவா? வலித்தது எனக்கு, எண்ணுவது நீங்கள்.

நைட்டியூட்டி
மொட்டுமாடி, இவர்கள் ஓய மாட்டார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் 6 வாரம் வரை ரத்த அழுத்தம் ஏறலாம். விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் தூக்கமில்லாததால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

கணக்குப்புலி
சிஸ்டர் சொல்வதுதான் மருத்துவம். மற்றது எல்லாம் சொந்தக் கதை.

தாமரைக்கொடி
உங்கள் மனைவிக்கு ஒரு வாரத்தில் நின்றது மட்டும் மருத்துவமா? அதுவும் சொந்தக் கதைதான், அதிலும் இன்னொருவருடைய சொந்தக் கதை. 6 வாரம் என்று ஒரே ஒரு தடவை எழுதுங்கள், நான் கிளம்புகிறேன்.

கணக்குப்புலி
"வரை" போட்டால் எழுதுகிறேன்.

தாமரைக்கொடி
முதல் பதிவிலேயே "வரை" போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அடுக்கு எண்ணத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

வேர்க்கால்
நடுவில் நான் ஒன்று கேட்டேனே?