கத்திரி வெயில்ல எங்க மொட்டை மாடில விழுந்த ஐஸ்

குழந்தைங்க முதல்முதலா ஸ்னோ பாத்த அனுபவத்த எழுதச் சொன்னதுக்கு எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல், மணாலின்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே குளுகுளுன்னு இருக்கு. எங்களுக்கு நடந்தது சென்னை வில்லிவாக்கத்துல, எங்க வீட்டு மொட்டை மாடில, அதுவும் மே மாசம். ஸ்னோ இல்ல, ஆலங்கட்டி மழை தான். ஆனா என் பொண்ணுக்கு இன்னிக்கு வரைக்கும் அது ஸ்னோ தான், அதனால இங்கயே எழுதறேன்.

அவளுக்கு அப்போ அஞ்சு வயசு. அதுக்கு முந்தின டிசம்பர்ல ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் குடில் வெக்கிறாங்கன்னு, அதுல ஸ்னோ மாதிரி தூவ தெர்மாகோல சுரண்டிச் சுரண்டி ஒரு கவர் நிறைய குடுத்து விட்டேன், அன்னிலேருந்து ஆரம்பிச்சது, "நம்ம ஊருக்கு நிஜ ஸ்னோ எப்பம்மா வரும்"னு. வராது தங்கம்னு சொல்ல மனசு வரல. நம்ம நுங்கம்பாக்கம் வானிலை மையத்துல பதிவானதுலயே ரொம்ப குறைஞ்சது 13.9 டிகிரி, அதுவும் 1895லயும் 1905லயும், அப்புறம் எங்கேருந்து ஸ்னோ வரும். இதுல பனிங்கற வார்த்தை வேற. காலைல பைக் சீட்டு மேல ஈரமா இருக்கறதும் நமக்கு பனி, இமயமலைல கெடக்கறதும் பனி. மார்கழில எங்கம்மா "பனில நிக்காத, தலைக்கு குல்லா போடு"ன்னு சொன்னா இவ வாசல்ல போய் ரெண்டு கையையும் நீட்டிட்டு நிப்பா, ஒண்ணும் விழாது, உள்ள வந்து என்னைப் பாப்பா. அந்த முகத்த பாக்க எனக்கு கஷ்டமா இருக்கும்.

அந்த மே மாசம் அம்மா வடாம் போட வந்திருந்தாங்க, வருஷா வருஷம் கத்திரில வந்து ஒரு வருஷத்துக்கு போட்டுக் குடுத்துட்டுப் போவாங்க. விடியறதுக்கு முன்னாடியே ஜவ்வரிசி கூழ் காய்ச்சி, பழைய வேட்டிய மாடில விரிச்சு, நாலு மூலைக்கும் செங்கல் வெச்சு, கரண்டி கரண்டியா ஊத்தி முடிச்சு, காக்காவுக்கு காவலா பாப்பாவ படிக்கட்டு நிழல்ல உக்கார வெச்சாங்க. மத்தியானம் தரைல கால் வெக்க முடியல. நாலு மணி இருக்கும், அம்பத்தூர் பக்கம் வானம் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு, புழுதி எழும்பி கண்ணெல்லாம் மண்ணு, கரண்ட் போச்சு, அம்மா "அய்யோ வடாம்"னு கத்திக்கிட்டே மேல ஓட, நான் பெரிய தாம்பாளத்த தூக்கிக்கிட்டு பின்னாடி ஓட, பாப்பா எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி.

முதல்ல தண்ணி டேங்க் மேல டொக் டொக்னு சத்தம். யாரோ கல்லு விடறாங்கன்னு தான் நெனச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு தகரக் கூரை மேல மொத்தமா பொரி கொட்டின மாதிரி சத்தம், காது அடைச்சிடுச்சு. வேட்டிய பாதி சுருட்டின கையோட அம்மா நின்னுட்டாங்க, ஏன்னா விரிச்சிருந்த வடாமுக்கு நடுவுல வெள்ள வெள்ளயா ஏதோ குதிக்குது, எது ஜவ்வரிசி எது ஐஸ்னே தெரியல!

மூணு பேரும் படிக்கட்டு ரூம் வாசலுக்குள்ள வந்துட்டோம். இடி மின்னல் இருந்ததால அவள வெளிய விடல, இதுல நான் கறாரா இருந்தேன், மாடி மாதிரி வெட்டவெளில மின்னல் நேரத்துல பிள்ளைங்கள நிக்க விடவே கூடாது. அவ அழல. என் கையிலேருந்து தாம்பாளத்த வாங்கி தரைல வெச்சு, காலால மெதுவா வெளிய தள்ளி விட்டா. எவர்சில்வர் தட்டுல அது விழுந்து எகிறி எகிறி ஆடுது, ணங் ணங்னு சத்தம், இவ ஒவ்வொரு சத்தத்துக்கும் "ஸ்னோ, ஸ்னோ"ன்னு குதிக்கறா. அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. போன் கீழ சார்ஜ்ல இருந்தது, போய் எடுத்துட்டு வரலாமான்னு ஒரு செகண்ட் தோணுச்சு, போகல. போகாதது எவ்ளோ நல்லதுன்னு இப்பவும் நெனச்சுப்பேன்.

தட்ட உள்ள இழுத்தா கொண்டைக்கடலை சைஸ்ல இருபது முப்பது கெடந்தது. ஒண்ண எடுத்து அவ உள்ளங்கைல வெச்சேன். நடுவுல பால் சொட்டு மாதிரி வெள்ள, சுத்தி கண்ணாடி, அதுக்கு மேல திரும்ப மங்கலா ஒரு தோல். "ஆ சுடுது"ன்னா, சில்லுங்கறதுக்கு அவளுக்கு அந்த வார்த்தை தான் வந்தது. ரேகைக்குள்ள தண்ணி ஓடி முழங்கை வரைக்கும் போச்சு, கைய மூடவே இல்ல, முழுசா கரையற வரைக்கும் அப்படியே நீட்டிட்டு நின்னா.

இவ்ளோ வெயில்ல ஐஸ் எப்படி ஆயான்னு பாப்பா கேட்டதுக்கு அம்மா சொன்ன பதில் தான் சூப்பர். சீரக மிட்டாய் பாத்திருக்கியா, ஒரு சீரகத்த சட்டில போட்டு உருட்டிக்கிட்டே பாகு ஊத்த ஊத்த பெருசாகும்ல, மேகத்துக்குள்ள காத்து அப்படித்தான் உருட்டுதுன்னாங்க. நெஜமாவே ஏறக்குறைய அதான். கீழ 40 டிகிரி அடிச்சாலும் நம்ம தலைக்கு மேல அஞ்சு கிலோமீட்டர் போனா உறையற குளிரு, சூடான காத்து வேகமா மேல தூக்கும்போது மழைத்துளி அங்க போய் உறைஞ்சு, மேல மேல தண்ணி ஒட்டி ஒட்டி உறைஞ்சு, காத்தால தாங்க முடியாத கனம் ஆனதும் விழுது. வர்ற வழில பெரும்பாலும் கரைஞ்சு வெறும் மழையா தான் நமக்கு வரும். கரையாம தரை வரைக்கும் வர்றது சென்னைல அபூர்வம்.

அம்மா பொறந்து வளந்தது திருவல்லிக்கேணி. அன்னிக்கு ராத்திரி கரண்ட் இல்லாம விசிறிக்கிட்டே ஐஸ் ஹவுஸ் கதைய சொன்னாங்க. அமெரிக்கால குளிர்காலத்துல உறைஞ்ச ஏரிகள்ல ஐஸ வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல மெட்ராஸுக்கு அனுப்புனதையும், அத வெக்க 1842ல பீச் பக்கத்துல கட்டுன கட்டடம் தான் இப்போ விவேகானந்தர் இல்லமா இருக்குன்னும். "கப்பல் இல்லாமயே நமக்கு வந்துச்சே"ன்னா பாப்பா.

இங்க ஒருத்தங்க குழந்தைய ஊட்டிக்கு கூட்டிட்டுப் போனா ஸ்னோ கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. அங்க இருக்கறது உறைபனி, மேலேருந்து விழாது, புல்லு மேல உப்பு தூவின மாதிரி படிஞ்சிருக்கும். டிசம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள, மேகம் இல்லாத ராத்திரிக்கு மறுநாள் விடிகாலைல தலைக்குந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடத்துல பாருங்க, குளிர்ந்த காத்து பள்ளத்துல தான் தேங்கும். வெயில் பட்டதும் போயிடும், அதனால குழந்தைய தூக்கத்துலேருந்து எழுப்பித்தான் ஆகணும், ஆனா எழுப்புங்க.

தாம்பாளத்துல மிச்சம் இருந்தத டம்ளர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சோம், கரண்ட் ராத்திரி பத்து மணிக்கு தான் வந்தது, காலைல பாத்தா எல்லாம் ஒண்ணா உருகி ஒரே கட்டியா இருந்தது. அவ அத அவ்வளவா கண்டுக்கல. அவளுக்கு வடாம் தான். நனைஞ்சத எல்லாம் தூக்கிப் போட்டுடலாம்னு நான் சொன்னேன், அம்மா விடல, தேறினத பொறுக்கி மூணு நாள் திரும்ப காய வெச்சாங்க. ஈரமா இருந்தப்போ ஐஸ் விழுந்ததுல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு குழி. பொரிச்சா அந்தக் குழி மட்டும் உப்பாம அப்படியே நிக்கும். சாம்பார் சாதத்துக்கு பொரிச்சு வெச்சா குழி இருக்கறதா தேடித் தேடி எடுப்பா, ஆடி மாசம் டப்பா காலியாகற வரைக்கும்.