செவ்வாய் மட்டும்தான் லீவு, மூணு வயசுப் பிள்ளை: ஜப்பானிய மொழி என்5 படிக்க வழி சொல்லுங்க

காரைக்குடி அம்மா:
டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5, அதாவது ஆரம்ப நிலை, எழுதணும். வாரத்துல செவ்வாய் ஒரு நாள்தான் லீவு. மகனுக்கு மூணு வயசு, மதியம் ஒண்ணரை மணி நேரம் தூங்குவான். அப்பத்தா கூட இருக்காங்க, ஆனா முழங்கால் வலி, அவன் பின்னாடி ஓட முடியாது. ஜப்பானிய எழுத்து வரிசை ரெண்டுல ஹிரகானா பாதி தெரியும், கதகானா தொடங்கலை. அந்த ஒரு நாளை எப்படிப் பிரிக்கிறது? குறிப்பைத் தமிழ் எழுத்துல எழுதிக்கலாமா?

தேவகோட்டை:
தமிழ் எழுத்துல வேண்டாம் தங்கச்சி. 'ககி'ன்னு எழுதி வச்சா அது ஒரு பழமா, சாவியான்னு பிறகு தெரியாது. பழத்துல ரெண்டாவது எழுத்து 'பக்கம்' மாதிரி வல்லோசை, சாவியில 'தங்கம்' மாதிரி. நம்ம எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான். நாக்கும் நடுவுல வர்ற க-வைத் தானா மெலிச்சுடும். முதல் நாள்லேருந்தே கானாவுல (ஹிரகானா, கதகானா எழுத்துலயே) எழுதுங்க. குறில் நெடில் மட்டும் நமக்கு இயல்பாவே வரும்: ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி.

இலக்கணம் நம்ம வீட்டுச் சொத்து மாதிரி. 'தபெதெ மிமாஸ்'னா 'சாப்பிட்டுப் பாக்குறேன்'. 'பார்'ங்கிற சொல்லை முயற்சிக்குத் துணையா வைக்கிறதுகூட அப்படியே இருக்கு. கோரெ, ஸோரெ, அரெ மூணும் இது, உது, அது. (உதுன்னா கேக்குறவங்க பக்கத்துல இருக்கிறது; யாழ்ப்பாணத்துல இன்னும் பேச்சுல இருக்கு.) பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுத் தூண், ஊஞ்சல், செருப்புன்னு காட்டிக் காட்டிச் சொல்லலாம்.

தமிழ் காலை வாருற இடம் ஒண்ணு உண்டு. நமக்கு எல்லாத்துக்கும் '-ல' போதும். அங்க 'வீட்டுல இருக்கான்'னா 'நி', 'வீட்டுல படிக்கிறான்'னா 'தெ' (இந்தத் தகரம் 'பந்தம்' ஓசை). இருப்புக்கு ஒண்ணு, செயலுக்கு ஒண்ணு. பரீட்சையில இதை அடிக்கடி கேப்பாங்க.

கானாடுகாத்தான்:
நாளைப் பிரிக்கிறதுக்கு வர்றேன். செவ்வாயன்னைக்குக் கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம்னு அடுப்புல நிக்காதீங்க. தோசை மாவு மிச்சம் இருந்தா குழிப்பணியாரம், 20 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

புது எழுத்து, புதுச் சொல் எல்லாம் பிள்ளை எழுறதுக்கு முந்தி, 5.30லேருந்து 6.30க்குள்ள. ஒரு தடவைக்கு 10 எழுத்து, அதுக்கு மேல ஏத்தினா பழசு உதிரும். அவன் முழிச்ச பிறகு புதுசா எதையும் எடுக்காதீங்க, காலையில படிச்சதை வாயில போட்டு மெல்லுங்க.

வளவு (வீட்டு நடு முற்றம்) ஓரத்துல சாக்பீஸால கல்லுக்கு ஒரு எழுத்து எழுதுங்க. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லுல எழுத்து தெரியாது, ஒரே நிறக் கல்லாப் பாருங்க. அஞ்சஞ்சா ரெண்டு வரிசை. அவனுக்கு எழுத்து தெரிய வேண்டாம். அவன் எந்தக் கல்லுல குதிக்கிறானோ அந்த எழுத்தை, அடுத்த குதிக்குள்ள நீங்க சொல்லிடணும். அப்பத்தா உக்காந்த இடத்துலேருந்தே பாத்துக்கலாம். ஈரத்துணியால துடைச்சாப் போயிடும்.

மதியத் தூக்கத்துலதான் மேசைப் படிப்பு. என்5ல சொல்வளம் 20 நிமிஷம், இலக்கணமும் வாசிப்பும் 40, கேட்டல் 30, மொத்தம் 90. உங்க பையன் தூங்குற நேரமும் அதேதான். கடைசி ஆறு செவ்வாய் முழு மாதிரித் தேர்வா எழுதிப் பாருங்க, ஒரு காதுல மட்டும் இயர்போன். அந்த நேரத்துல துணி மடிக்க உக்காந்தா அந்த வாரமே போச்சு.

180க்கு 80 எடுத்தா பாஸ். ஆனா கேட்டல்ல தனியா 60க்கு 19, மத்த பகுதியில 120க்கு 38 வரணும். பேசிக் காட்டுறதும் கையால எழுதிக் காட்டுறதும் கிடையாது, விடையைத் தேர்ந்தெடுக்கிறதுதான். அதனால கையெழுத்து அழகுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

பள்ளத்தூர்:
பரீட்சைக்குச் சனிக்கிழமைக் காலைப் பல்லவன் ரயில்லயே கிளம்பிடுங்க. ராத்திரி வண்டியில பிள்ளையோட போயி, தூக்கம் கெட்டு, கேட்டல் பகுதியில உக்காந்தா ஒண்ணும் காதுல ஏறாது.

காரைக்குடி அம்மா:
ரொம்ப நன்றி. கதகானாவுல ஷி, த்ஸு, ஸொ, ன் நாலும் ஒண்ணாவே தெரியுதே?

தேவகோட்டை:
கோடு ஓடுற திசையைப் பாருங்க. ஷியும் ன்னும்: சின்னக் கோடு இடது ஓரத்துல நிக்கும், நீளக் கோடு கீழேருந்து மேலே ஏறும். த்ஸுவும் ஸொவும்: சின்னக் கோடு மேல் விளிம்புல இருக்கும், நீளக் கோடு மேலேருந்து கீழே இறங்கும். ஷி, த்ஸுக்குச் சின்னக் கோடு ரெண்டு, மத்த ரெண்டுக்கும் ஒண்ணு. தரையில முழ நீளத்துக்குப் பெருசா எழுதி, அவன் விரலைப் பிடிச்சு அதே திசையில ஓட்டுங்க.