ஃபேண்டஸி பேஸ்பால்: டிராஃப்ட் முடிந்த பிறகு வந்து சேர்ந்த செய்தி: உங்கள் அனுபவம் என்ன?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

2023 மார்ச் 15, புதன்கிழமை இரவு. தேதியைச் சொன்னதுமே பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். எட்வின் டியாஸ், நியூயார்க் மெட்ஸ் அணியின் குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பவர்.

எங்கள் அலுவலக ஃபேண்டஸி லீகில் பன்னிரண்டு அணிகள்; நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி எடுப்போம். மூன்று நாளைக்கு முன்புதான் டிராஃப்ட், அதாவது முறைவைத்து ஆட்டக்காரர்களை எடுப்பது, முடிந்திருந்தது. நான்காவது சுற்றிலேயே டியாஸை எடுத்தேன். குளோசருக்கு இவ்வளவு அவசரமா என்று கேலி செய்தார்கள். முந்தைய ஆண்டு 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவருக்கு அவசரப்படாமல் வேறு யாருக்கு அவசரப்படுவது?

மயாமியில் வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக் ஆட்டம்; சீசனுக்கு முன் நாடுகள் மோதும் போட்டி. புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசை 5-2 என்று தோற்கடித்தது. ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தவர் நம்மவர்தான். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஆரவாரம் கேட்டது, ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தேன். எல்லாரும் வட்டமாகக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் தரையில். கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குதிப்பது நின்றுவிட்டது. கேமரா அவருடைய தம்பி அலெக்சிஸ் பக்கம் திரும்பியது. அவரும் அதே அணியில் ஆடியவர். அழுதுகொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அலைபேசியை எடுத்தேன். மெட்ஸ் அணியில் அடுத்த குளோசர் யார்? டேவிட் ராபர்ட்சன். எங்கள் லீகில் யாரும் அவரை எடுத்திருக்கவில்லை. சக்கர நாற்காலி மைதானத்துக்குள் வருவதற்குள் ராபர்ட்சன் என் அணியில் இருந்தார்.

"யாருக்கு அடி?" என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"என் குளோசருக்கு" என்றேன்.

என் குளோசராம்! வலது முழங்கால் தசைநார் முற்றிலும் கிழிந்து அவருடைய ஆண்டே போய்விட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது. மார்ச் மாதத்தில் இந்தப் போட்டி எதற்கு என்று அன்று இரவெல்லாம் திட்டினேன். இன்றைக்கும் உறுத்துவது அந்தத் தம்பியின் முகம்தான்.

பிராங்க்ஸ் பக்கத்துவீடு:

எனக்கு நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுகிறவர்) கெரிட் கோல், 2025.

மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். உள்ளே ஓமப் புகை. நான் காரேஜில், நாற்பது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு டிராஃப்ட் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் தொண்ணூறு விநாடி. கோலுக்கு முழங்கையில் வலி, பரிசோதனைக்குப் போகிறார் என்ற செய்தி அப்போதே வந்துவிட்டது. அதனால்தான் எல்லாரும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது சுற்றிலும் பெயர் அப்படியே கிடந்தது.

நான் போட்ட கணக்கு இது. 2024 மார்ச்சிலும் இதே முழங்கை, இதே பரிசோதனை, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அதே மருத்துவர் நீல் எலட்ராஷ். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். ஜூன் 19-ல் திரும்பி வந்துவிட்டார். அந்த ஆண்டு பயந்து அவரை விட்டவன் நான். ஒரே பாம்புக்கு இரண்டு முறை பயப்படுவதா?

மைத்துனரின் அம்மா கதவைத் திறந்து, "மாப்பிள்ளை, பால் பொங்குகிறது, வாருங்கள்" என்றார். நான்கு விநாடி மிச்சம். அழுத்திவிட்டேன்.

மார்ச் 11-ல் முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. இப்போதும் யார் வீட்டிலாவது பால் பொங்கினால் எனக்குக் கோலின் முழங்கைதான் நினைவுக்கு வருகிறது. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

கடைசி இடத்துக்காரன்:

ஒன்பதாவது இன்னிங்ஸ் நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழியை வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக் மீது போடாதீர்கள். அதே 2023-ல் காவின் லக்ஸ் என்ன நாட்டுக்காகவா ஆடினார்? பிப்ரவரி 27, அரிசோனாவில் சாதாரணப் பயிற்சி ஆட்டம். இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடினார், முழங்கால் போயிற்று, ஆண்டும் போயிற்று. ரைஸ் ஹாஸ்கின்ஸ்? மார்ச் 23, கிளியர்வாட்டர். உயரத் துள்ளிய பந்தைப் பிடிக்கப் பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். இடது முழங்கால்.

ஹாஸ்கின்ஸ் என் கீப்பர், முந்தைய ஆண்டு அணியிலிருந்து விடாமல் வைத்துக்கொண்டவர். அவரை வைத்துக்கொள்வதற்காக வேறு ஒருவரை விட்டுக்கொடுத்தவன் நான். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் படத்தை அலுவலகக் கூட்டத்தின் நடுவே மேசைக்கடியில் பார்த்தேன். "உங்கள் கருத்து?" என்று கேட்டார்கள். "ஆறு மாதமாவது ஆகும்" என்றேன். திட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டார்கள்.

கொண்டாட்டத்தில் குதித்து அடிபடுவது யாருக்கும், எங்கும் நடக்கும். பயிற்சி ஆட்டம் மட்டும் பாதுகாப்பானதா?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

நான் யார் மீதும் பழி போடவில்லையே. அன்று இரவு திட்டினேன் என்றுதான் எழுதினேன். ஆனால் நீங்கள் கிளப்பியதால் கேட்கிறேன்: டியாஸுக்கு மூன்று நாள் கழித்து, அதே போட்டியில், டேனியல் பார்ட் வீசிய பந்து பட்டு ஹோசே ஆல்டூவேயின் கட்டைவிரல் உடைந்ததே? அவர் திரும்பி வர மே 19 ஆயிற்று. அதற்கு என்ன சொல்வீர்கள்?

கடைசி இடத்துக்காரன்:

பந்து கையில் படுவதற்குத் தேசியக்கொடி வேண்டுமா என்ன?

பழைய ரொட்டிசேரி:

சண்டை வேண்டாம். என் கதை சின்னது. 2018-ல் ஓட்டானியை எடுத்தேன்; ஜப்பானிலிருந்து அப்போதுதான் வந்தவர், பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். அரிசோனா ஆட்டங்களில் 32 முறை மட்டை பிடித்து வெறும் 4 ஹிட். பிட்சிங்கில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 27. உயர்நிலைப்பள்ளிப் பையன் போல ஆடுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் மனம் ஆட்டம் கண்டது. சீசன் தொடங்கிய வாரமே ஒரு நடுத்தர அவுட்ஃபீல்டருக்கு அவரைக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 3, 4, 6: மூன்று ஆட்டங்களில் மூன்று ஹோம் ரன். ஆண்டு இறுதியில் சிறந்த புதுமுகம் விருது. கொடுத்தது பதினொரு வயது மருமகனுக்கு. அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசினால் முதல் கேள்வியே, "மாமா, ஓட்டானி எப்படி இருக்கிறார்?" என்பதுதான்.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன், இளையவர்களுக்குப் பயன்படும். மார்ச் மாத பேட்டிங் சராசரியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2013-ல் ஜாக்கி பிராட்லி ஜூனியர் மார்ச்சில் .419, சீசனில் .189. ஏழாவது இன்னிங்ஸில் பந்து வீசுகிறவர் பெரும்பாலும் மைனர் லீகுக்குத் திரும்பப் போகிறவர்; அவரை அடித்தது என்ன கணக்கு? பிட்சர் அடி வாங்கினாலும் பதறாதீர்கள், புதிதாக ஒரு பந்தைப் பழகிக்கொண்டிருப்பார். வேகத்தைப் பாருங்கள். வழக்கமாக மணிக்கு 96 மைல் வேகத்தில் போடுகிறவர் மார்ச் இறுதியிலும் 93-ல் நின்றால் அது செய்தி. "இவ்வளவு நல்ல உடற்கட்டில் அவர் இருந்ததே இல்லை" என்பது செய்தி இல்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது ஒருவரைப் பற்றி அப்படி எழுதுவார்கள். பயப்பட வேண்டிய சொல் "முன்கை இறுக்கம்". முதுகுவலி, வயிற்றுத் தசைப்பிடிப்பு எல்லாம் வாரக் கணக்கு. முன்கை என்று வந்தால் பல நேரம் முழங்கையில் போய் முடிகிறது, அது ஆண்டுக் கணக்கு. அப்புறம், யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று பாருங்கள். 2024 மார்ச்சில் டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) மாறுகிறார் என்று வந்ததே, எத்தனை பயிற்சி ஆட்ட ஹோம் ரன்னையும்விட நம் அணிகளுக்கு மதிப்பான செய்தி அது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிராஃப்டை மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். பிப்ரவரியிலேயே நடத்துகிறவர்களுக்கு இரக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஒக்ரென்ட்டும் நண்பர்களும் ரொட்டிசேரி லீக் என்று இந்த விளையாட்டைத் தொடங்கியபோது கையால் கணக்குப் போட்டார்கள். அவர்களுக்கு இருந்த பொறுமையில் கால்பங்கு நமக்கு இருந்தால் போதும்.

கடைசி இடத்துக்காரன்:

ஐயா, அறிவுரை யாரும் கேட்கவில்லையே. அதுவும் ஓட்டானியை விற்றவரிடம்!

அட்லாண்டா அம்மா:

நான் ஆடுவதில்லை, என் மகன் ஆடுகிறான். பள்ளி நண்பர்கள் எட்டுப் பேர். 2024-ல் அவனுக்கு முதல் தேர்வு கிடைத்தது. ரொனால்ட் அகூனா என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டான். முந்தைய ஆண்டு 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் (பேஸ் திருட்டு), எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது); எனக்கே மனப்பாடம். மார்ச் தொடக்கத்தில் வலது முழங்காலில் வலி என்று செய்தி வந்தது. அவனும் அதே மருத்துவரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "எலட்ராஷ் சரி என்று சொல்லிவிட்டார், அம்மா" என்றான், ஏதோ குடும்ப வைத்தியர் போல. 2021-ல் கிழிந்ததும் அதே கால்தான், வேறு யாரையாவது எடு என்று நான்கு நாள் சொன்னேன். கேட்கவில்லை. ஆட்டக்காரரும் சீசன் தொடக்கத்திலேயே களத்துக்கு வந்துவிட்டார்.

மே 26, ஞாயிறு. பிட்ஸ்பர்க் ஆட்டம், முதல் இன்னிங்ஸ். மூன்றாவது பேஸ் பக்கம் ஓடப் போய்த் திரும்பினார், கால் மடங்கியது. மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். "நான் அப்போதே சொன்னேனே" என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சொன்னது வலது கால், அம்மா. இது இடது."

சாப்பிட வா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தெரியவில்லை. (பழைய ரொட்டிசேரி அவர்களே, முழங்காலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.)

மூன்று மணி:

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 2025 மார்ச் 18, டோக்கியோவில் டாட்ஜர்ஸ்-கப்ஸ் ஆட்டம். எனக்கு அதிகாலை மூன்று மணி. டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ என் அணியில், அதற்காக எழுந்தேன். பெட்ஸும் என் அணிதான். அவர் நோயோடு ஊருக்கே திரும்பிவிட்டார், 20 பவுண்டுக்குப் பக்கம் எடை குறைந்துவிட்டது என்று படித்துக்கொண்டிருந்தேன். அவர் இருப்பதே ஒல்லியாக. என் அப்பா டைபாய்டில் அப்படித்தான் குறைந்தார், மறுபடி தேற ஒரு வருடம் ஆயிற்று. அந்த இருட்டில், தேநீர்கூடப் போடாமல், பெட்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மார்ச் 28, டெட்ராய்ட்டுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன். இரண்டாவது, பத்தாவது இன்னிங்ஸில் ஆட்டத்தையே முடித்துவைத்த அடி. வாங்கியவர் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தேவலை.

அட்லாண்டா அம்மா:

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முதலில் எழுதியவரே, அந்த ராபர்ட்சன் உங்களுக்கு உதவினாரா?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

உதவினார். மெட்ஸுக்கு 14 சேவ் (கடைசியில் வீசி வெற்றியைக் காத்த ஆட்டங்கள்). ஜூலையில் அவரை மயாமிக்கு மாற்றிவிட்டார்கள். டியாஸ் விழுந்த அதே மைதானம்.