கலைச்சொல் தேவை: செல்பேசியைச் சோதிக்கும் ‘ஃபேன்டம்’

கோவை, மின்னணுவியல் ஆசிரியை:
திங்கட்கிழமை ஆய்வகக் கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். செல்பேசிக் கதிரைத் தலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்க ஆளைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. தலை வடிவ ஓட்டில் ஒரு திரவத்தை ஊற்றி, அதற்குள் உணர்முனையை ரோபோ நகர்த்தி அளக்கிறது. நம் நாட்டில் எந்த 1 கிராம் திசுவிலும் சராசரி உறிஞ்சல் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. அந்த ஓடு, உள்ளே இருக்கும் திரவம் இரண்டும் சேர்ந்ததுதான் ஃபேன்டம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘திசு மாதிரி’ என்றால் பயாப்சி என்று நினைக்கிறார்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘போலி’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? பந்தல் பந்தர் ஆனால், கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாததால், கடைப்போலி. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லையே. திசுப்போலி.

கோவை:
ஐயா, பிள்ளைகள் தினமும் படிப்பது போலி மருத்துவர், போலிச் சான்றிதழ்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
பேய்த்தேர் என்றால் கானல். பேய்க்கரும்பு, பேய்ப்பீர்க்கு எல்லாம் பார்க்க ஒன்று, உள்ளே வேறு. மூலச்சொல்லும் ஆவிதானே! பேய்த்திசு.

மதுரை:
பேய் பார்வைக்கு மட்டும் ஒத்தது. வள்ளுவர் 1071-இல் ‘ஒப்பாரி’ என்பது ஒப்புமைதான், அழுகை பிறகு வந்தது. ‘திசு ஒப்பாரி’ என்றால் வகுப்பே அழும், சரி. ஆனால் 993-ஐப் பாருங்கள்: உறுப்பொத்தல் மக்களொப்பு அன்று, பண்பொத்தலே ஒப்பு.

பெங்களூரு, ஆண்டெனாப் பொறியாளர்:
அந்தக் குறள் எங்கள் சோதனைக்கூடச் சுவரில் இருக்க வேண்டியது! திரவத்தைப் பார்த்தால் வெறும் பாகு. ஒரு பழைய கலவையில் எடைக்கணக்கில் தண்ணீரைவிடச் சர்க்கரை அதிகம், கொஞ்சம் உப்பு, கெட்டியாக்க செல்லுலோஸ், கெடாமலிருக்க கிருமிநாசினி. சர்க்கரை தண்ணீரின் விடுதிறனை, அதாவது மின்புல ஆற்றலைத் தேக்கும் தன்மையைக் குறைக்கும்; உப்பு மின்கடத்துதிறனை ஏற்றும். 900 மெகாஹெர்ட்சில் ஒப்பு விடுதிறன் 41.5, கடத்துதிறன் மீட்டருக்கு 0.97 சீமென்ஸ் வந்தால் போதும், தலைக்கு ஈடாகிவிடும். மூளையின் நிறமும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம். அதனால் ‘நிகரி’ என்பேன்.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:
நிகரி நல்லது. ‘டிஷ்யூ’விலிருந்து வந்த திசுதான் உறுத்துகிறது. எங்கள் பாடநூலில் இழையம். தூய்மை பேசுகிறவர்கள் அந்த முற்பாதியை மட்டும் எப்படி விட்டீர்கள்?

கோவை:
நேற்றிரவு வரை வாக்குகள்: நிகரி 5, போலி 2, பேய் 1. ‘திசுநிகரி’ என்றே போடுகிறேன். பக்கத்திலேயே இழையநிகரியும் வரும்.

பெங்களூரு:
பொறுங்கள். திரவத்துக்குச் சரி, ஓட்டுக்கு? அது 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். கதிரை உறிஞ்சவே கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அது எதற்கும் நிகரி இல்லை.

மதுரை:
பாவை! கொல்லிப்பாவை பற்றி நாளை விரிவாக…

கோவை:
ஐயா, நாளை அச்சகம். இப்போதைக்குத் ‘தலையோடு’ என்று போட்டுவிட்டேன்.

மதுரை:
அம்மா, தலையோடு என்றால் கபாலம்.