டேபிள் டென்னிஸில் எதிராளியின் ஆட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போயும் தோற்றவர்கள் உண்டா?

அஸ்தம்பட்டி லெஃப்டி
போன மாதம் சேலத்தில் ஒரு கிளப் போட்டி. காலிறுதியில் எனக்கு எதிராக ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன். அவருடைய முந்தைய மேட்ச் முழுவதையும் தட்டுவடை செட் தின்றுகொண்டே பார்த்தேன். பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கம், கறுப்பு ரப்பர்: லாங் பிம்பிள்ஸ், நீள முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. டாப்ஸ்பின் (முன்சுழல்) போட்டால் பேக்ஸ்பின்னாக (பின்சுழல்) திருப்பிவிடுவார், அதனால் ஸ்பின் இல்லாமல் அங்கேயே தள்ளிவிட்டு, செத்து வரும் பந்தை அடிக்க வேண்டியதுதான். இரண்டு கேம் அப்படியே எடுத்தேன். மூன்றாவதில் 9-9, என் சர்வீஸ். பந்தை உள்ளங்கையில் வைத்து நிற்கிறேன், எதிரே அவருடைய விரல்கள் பேட்டை ஒரு சுற்று சுற்றின, தோசை திருப்புகிற மாதிரி. முள் இல்லாத சிவப்புப் பக்கம் இப்போது பேக்ஹேண்டில். கண்ணால் பார்த்தேன், ஆனாலும் கை பழையபடியே அடித்தது, பந்து நேராக வலையில். கடைசியில் 2-3.

கொண்டை ஊசி 14
எனக்கு ஏற்காட்டில். அந்த ஆளின் சர்வீஸைச் சேலத்திலேயே பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். மேலே போனால் ஹாலுக்குள் ஈரக்காற்று, பந்து ரப்பரில் வழுக்குகிறது, இல்லாத ஸ்பின்னுக்கு நான் பேட்டைச் சாய்த்துச் சாய்த்து வெளியே அடித்தேன். அவரோ சில சர்வீஸுக்கு முன் மட்டும் பந்தைச் சட்டையில் துடைத்தார். துடைத்தால் ஸ்பின், துடைக்காவிட்டால் வெறும் பந்து! பஸ்ஸில் இறங்கும்போது பதினாலாவது வளைவில்தான் இது உறைத்தது. பேரும் அப்படித்தான் வந்தது.

செவ்வாய்பேட்டை சாப்பர்
லெஃப்டி, குறை உங்கள் மேல்தான். மேட்சுக்கு முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கலாம், விதியிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம் என்று வைத்ததே இதற்குத்தான். 2021 அக்டோபரிலிருந்து அந்தப் பக்கம் பச்சை, நீலம்கூட இருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள். நம் இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேட்டைத் திருப்பித் திருப்பி ஆடுவதைப் பார்த்ததே இல்லையா? அடுத்த முறை ஷாட்டைப் பார்க்காதீர்கள், 9-9இல் எங்கே சர்வீஸ் போடுகிறார், தடுமாறினால் எந்தக் கால் பின்னால் போகிறது என்று பாருங்கள். தொடங்கும் முன் பயிற்சிக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அவருடைய இரண்டு பக்கத்துக்கும் பந்து போடுங்கள். ஒரு நிமிட டைம் அவுட்டை மூன்றாவது கேமிலேயே எடுத்திருக்க வேண்டும். என் கதை சின்னது: மூன்று மேட்ச் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஆள், போட்டி அட்டவணையில் மறுபாதியில் இருந்தார், இறுதிக்குப் போனால்தான் சந்திக்கவே முடியும்.

அஸ்தம்பட்டி லெஃப்டி
அண்ணே, பேட்டைப் பார்க்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துதான் கொடுத்தேன். என்னை அரிப்பது வேறு. முந்தைய மேட்சில் அவர் ஒருமுறைகூடத் திருப்பவில்லை. நடுவில் டவல் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், "எந்தக் கடை தட்டுவடை தம்பி?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.