புதுப்பிப்பு: பிரிண்டில் வெள்ளை வரவில்லை என்று கேட்டிருந்தேனே

செங்கோட்டை வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கி பிலிம் நெகட்டிவிலிருந்து போட்டோ பிரிண்ட் போடுகிறேன், வெள்ளை வர வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூசினாற்போல் வருகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். போட்டோ பேப்பர் பழசு என்றார்கள் பலர். ஒரு அண்ணன் மட்டும், இருட்டறையில் வெளிச்சத்துக்காக நான் போட்டிருந்த சிவப்பு பல்பைச் சந்தேகப்பட்டார். அவர் சொன்னதுதான் சரி.

அவர் சொன்னபடியே ஒரு துண்டு பேப்பரில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு பல்பை மட்டும் 5 நிமிடம் எரியவிட்டு, ஒளி பட்ட இடத்தைக் கருக்கவைக்கும் டெவலப்பர் கரைசலில் போட்டேன். நாணயம் இருந்த இடம் பளிச்சென்று வெள்ளை வட்டம், சுற்றிலும் சாம்பல்! நான் போடும் மல்டிகிரேடு வகை பேப்பர் நீலம், பச்சை இரண்டு ஒளிக்கும் கருக்கும். சாயம் பூசிய சாதாரண ஜீரோ வாட் பல்பிலிருந்து சிவப்போடு அந்த ஒளியும் கசிந்திருக்கிறது.

இருட்டறைக்கென்றே வரும், பேப்பரைக் கருக்காத சேஃப்லைட் விளக்கை வாங்கி மாட்டினேன். அப்புறம் குண்டாறு அணையில் எடுத்த அதே நெகட்டிவை மறுபடி போட்டேன். முதலில் மலையின் கறுப்பு விளிம்பு, பிறகு மெல்ல மெல்ல மேகத்தின் சுருள்கள். ஓரம் முழுக்கச் சுத்த வெள்ளை. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் கிடந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. முதல் நல்ல பிரிண்ட் உங்களுக்குத்தான், முகவரி அனுப்புங்கள்.