நிவாரண வேலைக்கு ஸ்ஃபியர் கையேடு: சின்னக் குழுவுக்கு ஒத்துவருமா?

தாமிரபரணி:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் நாங்கள் பன்னிரண்டு பேர் நிவாரண வேலை பார்த்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு பிரெட், பால் பவுடர், போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொடுத்தோம், நாலாம் நாள் ஒரு அக்கா தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பிரெட் போதும், பொம்பளைங்க கக்கூஸுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்க" என்றார். நாலு நாளாக எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இன்னும் உறுத்துகிறது. பேரிடர் நிவாரணத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ஃபியர் என்று ஒரு கையேடு இருக்கிறதாமே, அதெல்லாம் பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும்தானா?

நெய்தல்:
இல்லை தம்பி, தாராளமாக எடுத்துப் படியுங்கள். 1994-இல் ருவாண்டாவிலிருந்து ஓடிவந்தவர்கள் இன்றைய காங்கோவில் உள்ள கோமா நகர முகாம்களில் காலராவில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அத்தனை உதவி அமைப்புகள் அங்கே இருந்தும். அந்த அடிக்குப் பிறகு 1997-இல் ஆரம்பித்தது இது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆரம்ப நாட்களில் மட்டும் 50 பேருக்கு ஒன்று. உங்கள் தாழ்ப்பாளும் அதில் இருக்கிறது, உள்ளிருந்து பூட்ட வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும் என்று.

கரைவலை:
எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். சுனாமி சமயத்தில் நான் நாகப்பட்டினத்தில் இருந்தேன். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது, யாரும் தொடவில்லை, ரோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்தது. தற்காலிகக் குடியிருப்புக்குத் தார் ஷீட் போட்டார்கள், சித்திரை வெயிலில் பிள்ளைகளை உள்ளே படுக்கவைக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, பல இடங்களில் பட்டியல் மீனவர் பஞ்சாயத்து வழியாகவே போனதால் தலித் கூலிக் குடும்பங்கள் விடுபட்டுப்போயின. அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

தாமிரபரணி:
எங்கள் பட்டியலும் ஊர்த் தலைவர் கொடுத்ததுதான் அண்ணா. அடுத்த முறை என்ன செய்யலாம்?

கரைவலை:
பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் சத்தமாக வாசியுங்கள், காலனிக்குப் போய் இன்னொரு தடவை வாசியுங்கள். குழுவில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். அப்புறம் புகார் சொல்ல ஒரு போன் நம்பரைச் சுவரில் எழுதி, வந்த புகாருக்கு என்ன செய்தோம் என்று மறுநாள் போய் அவர்களிடமே சொல்லுங்கள். உதவி அமைப்புகள் மக்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும், 2014-இல் வந்த அடிப்படை மனிதாபிமானத் தரநிலையும் இதைத்தான் கேட்கிறது, இதற்குப் பெரிய பணம் ஒன்றும் வேண்டாம்.